மூன்று இரவும் நூறு விநாடியும்

விண்ணப்பம், மதிப்பீடு, தேதி ஒதுக்கீடு எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. வெளியாளான எனக்கு ஒரு வானாய்வகத்தின் தொலைநோக்கியில் மூன்று இரவு கிடைத்தது. வம்பு தொடங்கியது விருந்தினர் விடுதியில்.

14ஆம் தேதி மாலை போய்ச் சேர்ந்தேன். அனுமதிச் சீட்டில் 14 முதல் 16 வரை என்று இருந்தது. 16 காலை அறையைக் காலி செய்ய வேண்டுமாம். "சார், மூன்றாவது இரவு 16ஆம் தேதி இருட்டிய பிறகுதானே தொடங்குகிறது? முடியும்போது 17 ஆகிவிடும்" என்றேன். அலுவலர் விரல் விட்டு எண்ணினார். "14, 15, 16. மூன்று கேட்டீர்கள், மூன்று கொடுத்திருக்கிறோம்." வானியல்காரர்கள் ஓர் இரவுக்கு இரண்டு தேதி போடுகிற ஆட்கள் என்பது அந்த மேசைக்கு எட்டவேயில்லை. ஒதுக்கீட்டுக் கடிதத்தில் 14/15, 15/16, 16/17 என்று தெளிவாக இருந்தது. ஆனால் அது என் மடிக்கணினியில் இருந்தது. அவருக்கு வேண்டியது காகிதம். பிரிண்டர் இருந்ததோ தொலைநோக்கிக் கட்டடத்தில். போய்வந்து கையெழுத்து வாங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அந்தி வானத்தில் ஃப்ளாட் படம் (கேமராவின் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய எடுக்கும் சீரான வெளிச்சப் படம்) எடுக்கக் கிடைப்பதே சில நிமிடங்கள். அன்றைக்கு அது போயிற்று.

நீங்களும் இப்படிப் போவதாக இருந்தால் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். படிவத்தில் எத்தனை நாள் என்று எழுதாதீர்கள். கிளம்பும் தேதியை எழுதுங்கள்.

நான் பார்க்கப் போனது கிரகண இரட்டை விண்மீன்கள். அல்கோல் என்ற விண்மீன் 2.87 நாளுக்கு ஒருமுறை மங்குகிறதே, அந்த வகை. ஒன்று மற்றொன்றை மறைத்து வெளிச்சம் அடிமட்டத்துக்குப் போகும் கணத்தைப் பிடித்து, கணித்து வைத்த நேரத்தோடு ஒப்பிட வேண்டும். முதல் இரவு என் விண்மீன் ஏறக்குறைய 100 விநாடி தாமதமாக மங்கியது. தூக்கம் போய்விட்டது. சுற்றுக்காலம் மாறியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது துணை ஒன்று இழுக்கிறது என்று கட்டுரைக்குத் தலைப்புவரை யோசித்துவிட்டேன்.

இரண்டாம் இரவு வேறொரு விண்மீன். அது 160 விநாடி தாமதம். அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு விண்மீன்கள் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டா தாமதமாகும்? பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி வந்துசேரும் நேரம் 8 நிமிடம்வரை முன்பின்னாகும். அந்தத் திருத்தத்தில்தான் கோட்டை விட்டேனோ என்று பகல் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தப்பில்லை.

அத்தனை சண்டை போட்டு வாங்கிய மூன்றாவது இரவு, மேகம். ஈரப்பதம் வரம்பைத் தாண்டிவிட்டதால் டோம் கூரையைத் திறக்கவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. முதல் விண்மீனுக்கு எக்ஸ்போஷர், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 60 விநாடி; இரண்டாவது மங்கல் என்பதால் 120. தாமதத்தில் இருந்த வித்தியாசமும் அதே 60!

ஆபரேட்டர் அண்ணனிடம் சொன்னேன். "அப்படியா? பார்த்துடலாம்" என்று எழுந்தார். சுவரில் ஜி.பி.எஸ். கடிகாரம் 2:10:00 காட்டியபோது எக்ஸ்போஷரே இல்லாத ஒரு பயஸ் படம் எடுத்தோம். கோப்பின் ஹெடரில், அதாவது நான் நேரம் எடுத்துக்கொண்ட தகவல் பகுதியில், 2:10:40. இன்னொன்று, மறுபடி 40. அப்புறம் ஷட்டரை மூடியபடியே 60 விநாடிப் படம் ஒன்று, 2:15:00க்கு. ஹெடரில் 2:16:40. கணினிக் கடிகாரத்தையும் பார்த்தோம், சரி. ஆனால் ஹெடரில் ஏறுவது ஷட்டர் திறக்கும் நேரம் இல்லை, கேமராவிலிருந்து படத்தை வாசித்து முடித்துக் கோப்பாக எழுதும் நேரம்.

லாக் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினோம். கேமராவின் கணினியை மாற்றி 14 மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகான ஒரு பக்கத்தின் ஓரத்தில், எனக்கு முன்னால் வந்த யாரோ பென்சிலால் "நேரம்?" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை போலும். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்து எனக்கு வந்த கோபம் விடுதி அலுவலர்மேல்கூட வரவில்லை.

அங்கேயே இருப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் எடுப்பது விண்மீன் திரள்களையும் கொத்துகளையும். 100 விநாடி அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. வெளியாள் வருவதால் என்ன பயன் என்று கேட்டால், எத்தனை கட்டுரை வந்தது என்று எண்ணிக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால், அங்கே யாருக்கும் இல்லாத ஒரு தேவையோடு வந்து இறங்குகிறானே, அதுதான் பயன். நல்லவேளை, நான் வந்தது விண்மீன் மங்குவதைப் பார்க்க. யுரேனஸ் வளையங்கள் 1977இல் அகப்பட்டது, கோள் ஒரு விண்மீனை மறைக்கப் போகும்போது அந்த விண்மீன் சில முறை சட்டென்று மங்கி மீண்டதை வைத்துத்தான். அப்படிப்பட்ட வேலைக்கு ஒருவர் இந்த ஹெடரை நம்பி வந்திருந்தால் அவர் கதி என்ன?

போகும்போது நிரப்பும் படிவத்தில் "குறைகள்" என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் இரண்டு பக்கம் எழுதி இணைத்தேன். நீங்களும் எழுதுங்கள், சந்தேகமாக இருந்தாலும். முதல் வேலையாகக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு பயஸ் படம் எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

சில வாரங்களில் மின்னஞ்சல் வந்தது. தொடக்க நேரமும் முடிவு நேரமும் இப்போது ஹெடரில் தனித்தனியாக ஏறுகின்றன; அந்த 14 மாதக் கோப்புகளுக்கும் எச்சரிக்கைக் குறிப்பு சேர்த்துவிட்டார்கள். நேரத்தைத் திருத்திப் போட்டுப் பார்த்தால், என் இரண்டு விண்மீன்களும் சொன்ன நேரத்துக்குச் சரியாக மங்கியிருக்கின்றன. மூன்றாவது துணையும் போச்சு, கட்டுரைத் தலைப்பும் போச்சு.

அடுத்த பருவத்துக்கு மறுபடி விண்ணப்பித்தேன். இரண்டு இரவு கொடுத்திருக்கிறார்கள். நேற்று அனுமதிச் சீட்டு வந்தது: 8 முதல் 9 வரை.