ஹாமர்ஸ்மித்தில் யாரும் கலைக்காத வீடு

லண்டனில் டிஸ்ட்ரிக்ட் ரயிலில் போய் ஸ்டாம்ஃபோர்ட் புரூக் நிலையத்தில் இறங்கித் தெற்கே நடந்தால் சற்று நேரத்தில் தேம்ஸ் நதி வந்துவிடும். அதற்குள் ஏ4 நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டும். ஹாமர்ஸ்மித்தையும் அதன் ஆற்றங்கரையையும் வெட்டிப் பிரித்துக்கொண்டு ஓயாமல் இரைகிற சாலை அது. சுரங்கப்பாதையில் இறங்கி ஏறினால் சத்தம் பின்தங்குகிறது. ஹாமர்ஸ்மித் டெரஸ் வருகிறது. 1750-களில் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒடுங்கிய வீடுகள். தெருவில் நின்று பார்த்தால் பழுப்புச் செங்கலும் ஜன்னல்களும் தவிர வேறொன்றும் இல்லை. அழகையெல்லாம் பின்பக்கம், ஆற்றைப் பார்த்த தோட்டங்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

ஏழாம் எண் வீட்டைப் பார்க்கத்தான் வந்தோம், நானும் ஹாரோவில் இருக்கும் அக்காவும். எமரி வாக்கர் என்ற அச்சுக் கலைஞரின் வீடு. அக்காவுக்கு அந்தப் பெயரே புதிது. "அரண்மனை டிக்கெட் எடுத்திருக்கலாம்" என்று ரயிலில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வாக்கரை அறியாதவர்களுக்கு வில்லியம் மாரிஸைத் தெரிந்திருக்கலாம். இலையும் கொடியும் பறவையுமாகச் சுவர்த்தாள்களும் துணிகளும் வடிவமைத்தவர். இயந்திரங்கள் கக்கிய மலிவான சரக்குக்கு எதிராகக் கைவினையின் பக்கம் நின்ற ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கத்தின் தலைமகன். 1888 நவம்பரில் வாக்கர் அச்சுக்கலை பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பழைய புத்தகங்களின் எழுத்துகளை விளக்குப் படங்களாகப் பெரிதாக்கித் திரையில் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த மாரிஸுக்குச் சொந்தமாக எழுத்துரு செய்யும் ஆசை பிடித்துக்கொண்டது. அதன் விளைவுதான் 1891-இல் தொடங்கிய கெல்ம்ஸ்காட் அச்சகம். இருவரும் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தவர்கள். வாக்கர் முதலில் இதே வரிசையில் மூன்றாம் எண்ணில் இருந்து, 1903-இல் ஏழாம் எண்ணுக்கு மாறினார். எட்டாம் எண்ணில் மாரிஸின் மகள் மே குடியிருந்திருக்கிறார். வாக்கர் விட்டுப்போன மூன்றாம் எண்ணுக்குப் பின்னாளில் எட்வர்ட் ஜான்ஸ்டன் வந்தார். லண்டன் சுரங்க ரயிலின் பெயர்ப்பலகை எழுத்துகளை வடித்தவர் அவர்தான். எழுத்தை வைத்துப் பிழைத்தவர்களின் தெரு என்றே சொல்லலாம்.

மணி அடித்தால் கதவு திறக்கிறது. பைகளையெல்லாம் வாங்கி வைத்துவிடுகிறார்கள். தோளில் ஒரு பை இருந்தாலும் திரும்பும்போது எதையாவது இடித்துவிடும் அளவுக்குத்தான் உள்ளே இடம். குழுவில் எங்களையும் சேர்த்து ஒரு கை விரல்களுக்குச் சற்று அதிகமானோர்.

நடையிலேயே முதல் ஆச்சரியம் காலடியில். மாரிஸ் 1875-இல் வடிவமைத்த லினோலியம். போட்ட இடத்திலேயே இன்றுவரை எஞ்சியிருப்பது உலகில் அநேகமாக இது ஒன்றுதான் என்று வழிகாட்டிய அம்மையார் சொன்னார். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்து ஆலையில் உருட்டி எடுக்கிற தரைவிரிப்பு அது. இயந்திரத்தைப் பழித்த மாரிஸ் அதற்கும் பூ வரைந்து கொடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. கொள்கைக்காரர்கள் வீட்டிலும் மழைக்காலத்தில் சேற்றுக் காலோடு ஆட்கள் வருவார்கள் அல்லவா? கழுவித் துடைக்க வசதியான தரை வேண்டியிருந்திருக்கிறது. அருமையான பாரசீகக் கம்பளங்களெல்லாம் தேடித் தேடிக் காப்பாற்றப்படுகின்றன. தேய்ந்துபோனால் சுருட்டி எறிகிற இந்தச் சரக்கு தப்பியதுதான் அபூர்வம்.

அடுத்தது சாப்பாட்டு அறை. நெருக்கமாக இலைகள் பின்னிய மாரிஸ் சுவர்த்தாள், அதன் மேல் படங்கள், அலமாரி நிறையப் பீங்கான். எங்கே கண்ணை வைப்பது என்று தெரியவில்லை. "பயன்படும் என்று அறியாத, அழகு என்று நம்பாத எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளாதே" என்று மாரிஸ் 1880-இல் ஓர் உரையில் சொன்னதைக் காபிக் கோப்பையிலும் துவாலையிலும் அச்சடித்து விற்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வீட்டைக் காலிசெய்து வெள்ளையடித்து ஒற்றை நாற்காலி போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இந்த அறைக்கு ஒருமுறை வர வேண்டும். மாரிஸின் உற்ற நண்பர்கள் அந்த வாக்கியத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது இங்கே தெரிந்துவிடும்: அழகு என்று நம்பியவை அவர்களிடம் ஏராளமாக இருந்தன.

ஆனால் கடைக்குப் போய் வாங்கி அடுக்கியவை குறைவு. மாரிஸ் தன் நூலகத்தில் உட்கார்ந்த பதினேழாம் நூற்றாண்டு நாற்காலியை, அவர் காலமான பிறகு மனைவி ஜேன் வாக்கருக்குக் கொடுத்தார். அதன் மெத்தையில் பூவேலை செய்தவர் மே. கட்டடக் கலைஞர் பிலிப் வெப் 1915-இல் இறந்தபோது தன் உடைமைகளை வாக்கருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அவருடைய மரச்சாமான்கள் அப்படி வந்தவை. மாரிஸின் மூக்குக் கண்ணாடியும் ஒரு கற்றைத் தலைமுடியும்கூட இருக்கின்றன. தலைமுடியைப் பார்த்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டு அலங்காரப் புத்தகங்கள் சொல்லும் நிறப்பொருத்தம், காலப்பொருத்தம் எதுவும் இங்கே செல்லாது. ஜார்ஜியன் காலத்து, அதாவது பதினெட்டாம் நூற்றாண்டு அறையில் அதற்கும் முந்திய நாற்காலி, பக்கத்தில் மொராக்கோத் தட்டு, பின்னால் விக்டோரியன் காலத்துத் தாள். நண்பர்கள் கொடுத்தது, நண்பர்கள் விட்டுப்போனது, பயணத்தில் வாங்கியது என்று சேர்ந்துகொண்டே போனதில் அதற்கென்று ஒரு பொருத்தம் வந்துவிட்டது.

இந்த வீடு எப்படித் தப்பியது என்ற கதையைக் கேட்கத்தான் எனக்கு ஆவல். வாக்கர் 1933-இல் இறந்தார். மகள் டொரத்தி அதன் பிறகு முப்பது ஆண்டுகள் எதையும் பெரிதாக மாற்றாமல் அங்கேயே வாழ்ந்தார். அது எப்படிப்பட்ட முப்பது ஆண்டுகள்! குண்டுவீச்சு ஒருபுறம். போருக்குப் பின் விக்டோரியன் பொருள் என்றாலே பழைய குப்பை என்று ஊரே தூக்கி எறிந்துகொண்டிருந்த காலம் இன்னொருபுறம். டொரத்தியின் கடைசிக் காலத்தில் துணையாக வந்து தங்கியவர் எலிசபெத் டி ஹாஸ் என்ற டச்சுப் பெண்மணி. 1963-இல் டொரத்தி காலமான பிறகு வீடு அவருக்கு வந்தது. அவர் 1999 வரை இருந்தார். தனக்குப் பின் வீடு சிதறிவிடாதபடி ஓர் அறக்கட்டளைக்கும் வழி செய்துவிட்டுப் போனார். 2005-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இதைக் காப்பாற்றியவர் யார் என்று கேட்டால் நான் வாக்கரைச் சொல்லமாட்டேன். அவர் தன் காலத்தில் தன் ரசனைப்படி வாழ்ந்தார், அவ்வளவுதான். மற்ற வீடுகளில் பிளாஸ்டிக்கும் ஃபார்மைக்காவும் ஏறியபோது பழைய தாளையும் பழைய மேசையையும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திய இந்த இரண்டு பெண்களுக்குத்தான் அந்தப் பெருமை சேரும்.

அவர்கள் செய்ததற்கு ஒரு கொள்கைப் பின்னணியும் உண்டு. பழைய தேவாலயங்களை 'முதலில் இருந்தபடி ஆக்குகிறோம்' என்று அந்தக் காலக் கட்டடக்காரர்கள் பூச்சைச் சுரண்டி, இடையில் சேர்ந்ததையெல்லாம் பெயர்த்து எறிந்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க 1877-இல் மாரிஸும் வெப்பும் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வாக்கரும் அதில் ஈடுபட்டவர். அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடு, புதுப்பிக்கிறேன் என்று கைவைக்காதே என்பது அதன் அறிக்கையின் சாரம். கூரையில் ஓடு நழுவினால் அன்றே சொருகு. ஒழுகிய பிறகு சுவரையே மாற்றாதே. கேட்க எளிது. குடமுழுக்கு என்ற பெயரில் கல் தூணில் மணல் பாய்ச்சிச் சுரண்டியதைப் பார்த்திருக்கிற நமக்கு, இது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

"இவ்வளவையும் யார் துடைப்பது?" என்று மாடிப்படியில் அக்கா என் காதில் கேட்டாள். வழிகாட்டியிடமே கேட்கச் சொன்னேன். அந்த அம்மையார் முகம் மலர்ந்துவிட்டது; நாற்காலியின் வயதைக் கேட்கிறவர்கள் பலர், துடைப்பதைக் கேட்கிறவர்கள் சிலர் போலும். மிருதுவான குதிரைமுடித் தூரிகை ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு கையில் தூரிகை, மறுகையில் வாயில் வலைத்துணி கட்டிய சிறிய வேக்குவம் குழாய். தூசியைத் தள்ளக்கூடாது, எழுப்பிக் குழாயின் பக்கம் அனுப்ப வேண்டும். இழையொன்று பிரிந்து வந்தாலும் வலையில் தங்கிவிடும். யாருடையது, எங்கே இருந்தது என்று குறித்து எடுத்துவைக்கலாம். ஈரத்துணி கிடையாது, வாசனைத் திரவம் கிடையாது. மரச்சாமான்களுக்கும் மெழுகு அளந்துதான்.

பெரிய எதிரி வெளிச்சம். ஆற்றிலிருந்து எதிரொளிக்கும் வெயில் இந்த வீட்டின் பாதி அழகு. அதுவே சாயத்துக்கு யமன். பழைய துணிகளுக்கு ஐம்பது லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் ஆகாது என்பது அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். ஆகவே ஆள் வரும் நேரத்தில் மட்டும் ஜன்னல் திரையைப் பாதி ஏற்றுகிறார்கள். கண் பழகச் சற்று நேரம் பிடிக்கிறது. பழகியதும் நிறங்கள் ஒவ்வொன்றாக எழுகின்றன. அடுத்த எதிரி அந்துப்பூச்சி. கம்பளியும் பூவேலையும் நிறைந்த வீடு அதற்குக் கல்யாணப் பந்தி. பாச்சை உருண்டை போட்டால் போகாதா என்றாள் அக்கா. அந்த நாற்றமும் ரசாயனமும் துணிக்கே ஆகாது என்பதால் ஒட்டும் பொறிகளை மூலையில் வைத்து, எத்தனை சிக்கின என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார்களாம். 2016, 2017-இல் வீட்டைப் பெரிய அளவில் பழுதுபார்த்தபோது பொருள்களையெல்லாம் வெளியே எடுத்து, வேலை முடிந்ததும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்திருக்கிறார்கள். அத்தனை பாடுபட்டும், வந்து பார்ப்பவருக்கு வேலை நடந்ததே தெரியக்கூடாது என்பதுதான் குறிக்கோள்.

படுக்கையறையில் வாக்கரின் மனைவிக்காக மே மாரிஸ் பூவேலை செய்த படுக்கை விரிப்பு இருக்கிறது. கயிறு கட்டவில்லை, கண்ணாடி போடவில்லை. குனிந்து பார்த்தால் தையல் தெரிகிறது: இலையின் வளைவோடு ஊசியும் வளைந்து போயிருக்கிறது. மேயை 'மாரிஸின் மகள்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அப்பாவின் கம்பெனியில் பூவேலைப் பிரிவையே இருபத்து மூன்று வயதில் பொறுப்பேற்று நடத்தியவர் அவர். நகர மனமில்லாமல் நின்றது நான் அல்ல, அக்கா. அம்மாவிடம் காம்புத் தையல் கற்றவள். மறுபக்கம் முடிச்சு தெரியாமல் இருக்குமா என்று பார்க்க அவளுக்குக் கை துறுதுறுத்தது.

இந்த வீட்டில் ஒரு பழைய சண்டையும் இருக்கிறது. வாக்கருக்கு முன் இங்கே குடியிருந்தவர் கோப்டன்-சாண்டர்சன் என்ற நூல் கட்டும் கலைஞர். இருவரும் சேர்ந்து 1900-இல் டவ்ஸ் அச்சகம் தொடங்கினார்கள். பக்கத்திலுள்ள டவ் மதுக்கடையின் பெயரிலிருந்து வந்தது. பிறகு பிரிந்தார்கள். கோப்டன்-சாண்டர்சன் காலத்துக்குப் பின் அச்சகத்தின் எழுத்துரு வாக்கருக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. கிழவர் என்ன செய்தார் தெரியுமா? 1916-இல், எழுபத்தைந்தைத் தாண்டிய வயதில், இரவு நேரங்களில் திரும்பத் திரும்ப ஹாமர்ஸ்மித் பாலத்துக்கு நடந்து, ஈய எழுத்துகளையெல்லாம் தேம்ஸில் கொட்டினார். ஒரு டன்னுக்கு மேல்; மாதக்கணக்கில் நடந்த வேலை. 2014-இல் ராபர்ட் கிரீன் என்ற வடிவமைப்பாளர் முக்குளிப்போரை வைத்துத் தேடி நூற்றைம்பது எழுத்துகளை மீட்டார். அவற்றில் சில இன்று எதிரியின் வீட்டிலேயே காட்சிக்கு இருக்கின்றன. அரிசிமணி அளவு முகம், சரளைக்கல் உரசிய தழும்பு. கோப்டன்-சாண்டர்சன் பார்த்தால் மறுபடி பாலத்துக்குக் கிளம்பிவிடுவார்.

வெளியே வந்து ஆற்றோரமாகக் கிழக்கே நடந்தால் அப்பர் மால் என்ற தெருவில் மாரிஸ் வாழ்ந்த கெல்ம்ஸ்காட் ஹவுஸ். மேலே குடியிருக்கிறார்கள்; நிலவறையும் பழைய வண்டிக் கொட்டகையும் மாரிஸ் சங்கத்திடம். அங்கே ஒரு கை அச்சு இயந்திரம் நிற்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி நினைவுக்கு வந்தார். கொழும்பில் பிறந்த தமிழர் முத்து குமாரசுவாமியின் மகன். மாரிஸைப் படித்து ஊறியவர்; பழைய கட்டடங்களை இடிக்காதீர்கள் என்று கண்டித் தலைவர்களுக்கு 1905-இல் திறந்த கடிதமே எழுதினார். இங்கிலாந்தில் பிராட் கேம்ப்டன் கிராமத்தில் இடிந்து கிடந்த நார்மன் காலத்துச் சிற்றாலயம் ஒன்றை ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் அவருக்கும் மனைவி எதெலுக்கும் வீடாக்கிக் கொடுத்தார். ஆங்கிலக் கவி சாசரின் படைப்புகளை மாரிஸ் பதிப்பித்தபோது அச்சடித்த இயந்திரம் கைமாறி அந்த வீட்டுக்கு வந்தது. அதில்தான் 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூல் பதினைந்து மாதங்கள் அச்சாகி 1908-இல் முடிந்தது, 425 பிரதிகள். அந்த இயந்திரம் இப்போது நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில். ஹாமர்ஸ்மித்தில் நிற்பது அதே அச்சகத்தைச் சேர்ந்த வேறொன்று, மயங்கிவிட வேண்டாம்.

போக நினைப்பவர்களுக்கு: எமரி வாக்கர் வீடு வாரத்தில் ஓரிரு நாட்களே திறக்கிறது, அதுவும் முன்பதிவு செய்த சிறு குழுக்களுக்கு. கோடையில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துப் போகவும். வாக்கரின் நூலகத்தில் பெரும்பகுதி செல்ட்டன்ஹாம் அருங்காட்சியகத்தில் இருப்பதால், புத்தகங்களுக்காக மட்டும் வருகிறவர்கள் அங்கே ரயில் ஏறலாம். கெல்ம்ஸ்காட் ஹவுஸ் பிற்பகலில் மட்டும்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் காலையில் வாக்கர் வீட்டுக்கு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் டவ் கடையின் ஆற்றுத் திண்ணையில் சாப்பாடு கிடைக்கும், சைவத்துக்கு உருளைக்கிழங்கை நம்பலாம்.