பெங்களூருக்குப் போன டிகிரி

புரோநோட்டுக் கடனுக்கு எங்கள் ஊர் கோர்ட்டில் டிகிரி, அதாவது பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் தீர்ப்பாணை, வாங்கியது பெரிய வேலையே இல்லை. கடன் வாங்கியவர் பெங்களூருக்குக் குடிபோய்விட்டார். வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் அங்கேதான். அலைச்சல் அப்புறம்தான் ஆரம்பம்.

டிகிரி கொடுத்த கோர்ட் தன் எல்லைக்கு வெளியே இருக்கும் ஆள்மீதோ சொத்துமீதோ கை வைக்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 2002 திருத்தத்தில் சேர்த்த 39(4) பிரிவு அப்படி. அதனால் டிகிரியைப் பெங்களூர் கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லி மனு போட்டோம், உத்தரவும் கிடைத்தது.

எங்கள் கோர்ட்டில் கட்டு அனுப்பும் அலுவலகப் பிரிவில்தான் வினை. அதே சட்டத்தின் கட்டளை 21, விதி 6-இன்படி டிகிரி நகல் வேண்டும், பணம் வசூலாகவில்லை என்ற சான்று வேண்டும். ஏற்கெனவே நிறைவேற்று உத்தரவு (டிகிரியைச் செயல்படுத்தச் சொல்லும் உத்தரவு) போட்டிருந்தால் அதன் நகல், போடவில்லை என்றால் போடவில்லை என்றே ஒரு சான்று. எழுத்தர் முதல் இரண்டை மட்டும் வைத்துக் கட்டிவிட்டார். கேட்டால், "இல்லாத உத்தரவுக்கு எதுக்கு சார் சர்டிபிகேட்?" கட்டு திரும்பி வந்தது. வந்ததைக்கூட யாரும் சொல்லவில்லை, பெங்களூர் வக்கீல் விசாரித்துத்தான் தெரிந்தது. விதியை அச்செடுத்து, கோர்ட் அலுவலகத் தலைமை அலுவலரான சிரஸ்தார் மேசையில் வைத்தேன். அன்று மாலையே சான்று தயார்!

தீர்ப்பு தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் முன்பே எடுத்துவிடுங்கள். கட்டு போய்ச் சேர்ந்துவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள். அந்தக் கோர்ட்டில் நாம் தனியாக நிறைவேற்று மனு போட்டால்தான் எதுவும் நகரும்.

எதிராளி அங்கே வந்து, கடனே வாங்கவில்லை என்று பழைய கதையைத் தொடங்கினார். டிகிரி சரியா தவறா என்று நிறைவேற்றும் கோர்ட் ஆராய முடியாது என்பதால் அது எடுபடவில்லை. ஆனால் வாய்தா மேல் வாய்தா. நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, சொல்லி என்ன!

கை கொடுத்தது என் பழைய வங்கி ஸ்டேட்மென்ட். ஆரம்பத்தில் சில மாதம் வட்டி அனுப்பியிருந்தார், எந்தக் கணக்கிலிருந்து என்பது அதில் இருந்தது. அந்தக் கணக்கை ஜப்தி செய்ததும் மனிதர் தானாகவே போன் செய்தார், ரொக்கமாகத் தருகிறேன் என்று. வேண்டாம், கோர்ட்டில் கட்டுங்கள் என்றேன். அசல் வந்துவிட்டது. வட்டிக்கும் செலவுத்தொகைக்கும் அடுத்த மாதம் வாய்தா.