நான்கு கம்பியில் நின்றுபோன வேகம்

எங்கள் வீட்டுப் பின்னறையில் வைஃபை எட்டாது. அதை ஒரு குறை என்றே யாரும் நினைக்காத அளவுக்குப் பழகிப்போயிருந்தோம். மகள் இணைய வகுப்பைப் பின்னறையில் தொடங்குவாள். ஆசிரியரின் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நிற்கும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வருவாள். அங்கே தொலைக்காட்சி ஓடும். ஒருநாள் அவள், "அப்பா, நீங்களே ஒருமுறை அந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்து பாருங்கள்" என்றாள். பார்த்தேன். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு நல்ல காரியம் செய்தேன். (அதற்குப் பிறகு செய்தவற்றில் பாதி தவறு என்பதால் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.) வெளியிலிருந்து வரும் இணையத்தை வாங்கி வைஃபையாகவும் பரப்பும் மோடத்துடன் வந்த குட்டைக் கேபிளை நேராக மடிக்கணினியில் செருகி வேகத்தை அளந்தேன். நாங்கள் வாங்கியிருப்பது விநாடிக்கு 300 மெகாபிட் இணைப்பு. 290ஐத் தாண்டிக் காட்டியது. ஆக, வீட்டுக்கு வரும் இணைப்பு சரியாகவே இருக்கிறது. வீட்டுக்குள் பரவுவதில்தான் கோளாறு. இதைப் பார்க்காமல் சேவை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துத் திட்டியிருந்தால், தவறு முழுவதும் என்னுடையதாக இருந்திருக்கும்.

அடுத்து, சிக்னலின் வலுவை எண்ணாகக் காட்டும் ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தேன். அந்த எண் எப்போதும் மைனஸில்தான் இருக்கும்; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. கூடத்தில் மைனஸ் 45. பின்னறைக் கட்டிலில் மைனஸ் 82. பார்வைக்கு ஏதோ இரண்டு மடங்கு வித்தியாசம் போலத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் 10 குறைந்தால் வலு பத்தில் ஒரு பங்காகிவிடும். மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு ஓரளவு நிம்மதியாக ஓடும். 80ஐத் தாண்டினால் இணைப்பு இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி இழைக் கேபிள் எந்த மூலையில் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்ததோ, அதே மூலையில், தரையில், இரும்பு அலமாரிக்குப் பின்னால் மோடத்தை ஒளித்து வைத்திருந்தோம். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நாங்களே செய்த ஏற்பாடு. அங்கிருந்து பின்னறைக்குப் போகும் வழியில் அந்த அலமாரி, இரண்டு சுவர்கள், போதாததற்கு ஓர் ஆளுயர நிலைக்கண்ணாடி. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம். அதுவும் அலையைத் திருப்பி அனுப்பும்.

மோடத்தையே நகர்த்தலாமே என்றால், அந்த இழையை இழுக்கவும் மடக்கவும் எனக்குத் துணிவில்லை. கூர்மையாக வளைந்தால் ஒளி கசிந்துவிடும். எனவே மோடம் மூலையிலேயே இருக்கட்டும், வீட்டின் நடுவே இருக்கும் நடைவழியில் ஒரு புது ரவுட்டரை வைத்து இரண்டையும் நீளமான கேபிளால் இணைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

ரவுட்டர் பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் போல ஆசை காட்டுபவை குறைவு. ஏஎக்ஸ் 3000 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 2402 மெகாபிட் ஆகிய இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கியது அது. ஒரு கைப்பேசி வழக்கமாக ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். அந்த 2402கூட எல்லாம் கூடிவந்தால் மட்டுமே கிடைக்கும் ஏட்டுக் கணக்கு. என் 300க்கு இதில் எதுவுமே தேவைக்கு மேல்தான். எட்டுக்கால் பூச்சியைக் கவிழ்த்துப் போட்டதுபோல ஆன்டெனாக்கள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மாடலை மகள் விரும்பினாள். நான் மறுத்துவிட்டேன்.

நான் பார்த்தவை வேறு. கேபிள் செருகும் துளைகள் அனைத்தும் கிகாபிட்டா, அதாவது 1000 மெகாபிட்டா? மலிவான சில மாடல்களில் வைஃபை வேகம் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும். துளை மட்டும் 100 மெகாபிட். அகலமான தொட்டிக்கு ஊசி முனைக் குழாய் வைத்த கதை. அடுத்து வைஃபை 6 என்ற தலைமுறை, கடவுச்சொல்லைக் காக்கும் டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை. கடைசியாக, அக்சஸ் பாயின்ட் முறையில் இயங்குமா என்பது. இந்தக் கடைசி விஷயத்தின் அருமை அப்போது எனக்கே தெரியாது. விவரக் குறிப்பில் இருந்ததால் 'டிக்' போட்டு வைத்தேன்.

வாங்கி வந்த மாலையே பொருத்தினேன். இழுப்பறையில் பழைய நீளக் கேபிள் ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனை மோடத்தில், மறுமுனை புது ரவுட்டரில். விளக்குகள் எரிந்தன. கையேடு சொன்னபடி, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க உலாவியில் 192.168.1.1 என்று தட்டினேன். வந்தது பழைய மோடத்தின் பக்கம். மறுபடி தட்டினேன்; இந்த முறை எதுவும் வரவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: இரண்டு கருவிகளுக்கும் ஒரே முகவரி. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்?

முகவரியை மட்டும் மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனாலும் மோடமும் உள்ளுக்குள் ஒரு ரவுட்டர்தான் என்பதால், இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகவரி மாற்றும் வேலையைச் செய்துகொண்டிருக்கும். சில விளையாட்டுகளும் வெளியிலிருந்து பார்க்கும் கேமராக்களும் அதில் திணறும். மோடத்தின் ரவுட்டர் வேலையை நிறுத்தி, இணையத்தைக் கடத்திவிடும் வெறும் பாலமாக மாற்றுவது இன்னொரு வழி. எங்கள் வீட்டுத் தொலைபேசியும் அந்த மோடத்தின் வழியாகவே ஓடுவதால் அதில் கைவைக்க விரும்பவில்லை. அக்சஸ் பாயின்ட் முறை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதில் முகவரி கொடுக்கும் வேலை முழுவதும் மோடத்துடையது. புதுக் கருவி வைஃபையைப் பரப்புவதோடு நின்றுகொள்ளும். மாற்றினேன். மறுதொடக்கம் ஆனது. இணையம் வந்தது.

பின்னறைக்கு ஓடினேன். மைனஸ் 58! வேகம்: 94.

முன்பு 6 வந்த இடத்தில் 94 என்பது கொண்டாட வேண்டிய விஷயம்தான். வீட்டில் எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கு மட்டும் அந்த எண் நெருடியது. ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று அளந்தேன்: 94. கூடத்தில்: 93. வைஃபை என்றால் இடத்துக்கு இடம் ஏறி இறங்க வேண்டும். எங்கே போனாலும் 94 என்றால், எங்கோ ஒரு கம்பி கழுத்தை நெரிக்கிறது என்று பொருள். 100 மெகாபிட் இணைப்பில் மேல்செலவெல்லாம் போக மிஞ்சுவது ஏறத்தாழ அந்த 94தான். துளைகளோ கிகாபிட். சந்தேகம் கேபிள் மேல் விழுந்தது.

முனையைக் கழற்றி விளக்கடியில் பிடித்தேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் முனை. உள்ளே எட்டுத் தடங்கள். எட்டிலும் வண்ணக் கம்பி இருக்க வேண்டும். இருந்தவை நான்கு: முதல் மூன்றும், ஆறாவதும். மற்ற நான்கு தடங்களும் காலி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். யாரோ எப்போதோ சிக்கனமாகச் செய்த கேபிள். இரண்டு முனைக் கருவிகளும் பேசிப் பார்த்து, சரி, இதற்கு 100தான் தாங்கும் என்று ஓசையில்லாமல் ஒத்துக்கொண்டிருக்கின்றன. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. மறுநாள் முழு எட்டுக் கம்பியுள்ள கேட் 5இ கேபிள் வாங்கி மாட்டினேன். பின்னறையில் 210, ரவுட்டருக்கு அருகில் 280.

மீதி வேலைகள் சில்லறை. மோடத்தின் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே புதியதற்குக் கொடுத்தேன். கைப்பேசி, தொலைக்காட்சி எல்லாம் எதுவும் நடக்காததுபோலத் தாமாகவே இணைந்துகொண்டன. அச்சுப்பொறி மட்டும் அடம்பிடித்தது. அது டபிள்யூபிஏ3 வருவதற்கு முந்தைய காலத்து ஆள். பாதுகாப்பை டபிள்யூபிஏ2, 3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றிய பிறகே வழிக்கு வந்தது. ரவுட்டர் நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றினேன், பொத்தானை அழுத்தி இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்தேன், மென்பொருளைப் புதுப்பித்தேன்.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு அதிபுத்திசாலித்தனமும் செய்தேன். அக்கம்பக்கத்து வைஃபைகள் எல்லாம் 1, 6 ஆகிய சேனல்களில் (அந்த அலைவரிசையின் எண்ணிட்ட துண்டுகளில்) நெரிசலாக இருப்பதைச் செயலியில் பார்த்து, நடுவில் காலியாக இருந்த 3ஐப் பிடித்துக்கொண்டேன். அச்சுப்பொறி முன்னைவிட மோசமாகத் தடுமாறியது. சேனல்களுக்கு இடையே இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொன்றின் அகலமோ 20. அதனால் 3இல் உட்கார்ந்தவன் 1இன் சத்தத்தையும் 6இன் சத்தத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டும். 11க்கு மாறினேன். அடங்கியது.

ரவுட்டர் இப்போது நடைவழிப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் நிற்கிறது. பார்க்க அசிங்கம்தான், அதைத் துணி போட்டு மூட ஏற்கெனவே ஒரு முயற்சி நடந்தது, தடுத்துவிட்டேன். நான்கு கம்பிக் கேபிளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. இரண்டு முனைகளிலும் சிவப்பு டேப் சுற்றி, "100 மட்டும்" என்று எழுதி மீண்டும் இழுப்பறையில் போட்டிருக்கிறேன்.