காலியாக விட்ட கட்டம்

நைட் டியூட்டி முடியப் போகும் நேரத்தில்தான் வார்டில் எல்லாம் சேர்ந்து வரும். அன்றும் அப்படித்தான். நான்காம் கட்டில் பெரியவருக்குச் சாப்பாட்டுக்கு முன் 10 யூனிட் இன்சுலின் போட்டேன். மருந்துச் சார்ட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கிறேன், எதிர்க் கட்டில்காரருக்கு மூச்சுத் திணறல். ஓடினேன். அவர் நிதானத்துக்கு வருவதற்குள் பகல் டியூட்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

டியூட்டி மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவரில் அந்த மூச்சுத் திணறலை விலாவாரியாகச் சொன்னேன். ஆக்சிஜன் எத்தனை லிட்டர், டாக்டர் எப்போது வந்தார், எல்லாம். நான்காம் கட்டிலுக்கு, "சுகர் பேஷண்ட், ஸ்டேபிள்." அவ்வளவுதான். ஸ்டேபிள் மாதிரி வசதியான சொல் வேறு கிடையாது. நோயாளியைப் பார்த்தவரும் சொல்லலாம், பார்க்காதவரும் சொல்லலாம். (எண்ணிப் பார்க்காமலே எல்லோருக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்று எழுதி வைப்போமே, அதற்கு அக்காள் முறை.)

உடை மாற்றிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்கள். சார்ட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்ததால் பகல் சிஸ்டர் இன்சுலினைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு கட்டிலருகே போயிருக்கிறார். "இப்பதானேம்மா ஒரு ஊசி போட்டாங்க" என்று பெரியவர் சொன்னதால் நிறுத்திவிட்டார். அவர் அரைத் தூக்கத்தில் இருந்திருந்தால்? சர்க்கரை மளமளவென்று இறங்கி, வியர்வை, நடுக்கம், குழப்பம், கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரை போயிருக்கும். பகல் சிஸ்டர் மேல் தப்பே இல்லை. எழுதவில்லை என்றால் கொடுக்கவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் படித்தோம்.

ஊசியை விட எனக்குக் கஷ்டமாக இருந்தது அதற்கு அப்புறம்தான். காலிக் கட்டத்தில் 6:45 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் எதுவுமே நடக்காதது போல் ஆகிவிடும். கை அங்கேதான் போனது. பக்கத்தில் நின்ற இன்சார்ஜ் சிஸ்டர், "இப்ப மணி என்ன?" என்றார்.

"7:50, சிஸ்டர்."

"அதையும் எழுது. 6:45-க்குக் கொடுத்தேன், 7:50-க்குத் தாமதமாப் பதியறேன்னு போடு."

எழுதினேன். நடந்ததைச் சம்பவ அறிக்கையாகவும் கொடுத்தேன். பிழையாக எழுதியதை வெள்ளை மை பூசி மறைக்காமல், கீழே இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, நேரமும் கையெழுத்தும் வைக்கச் சொல்வது ஏன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதுவரை அதை ஆபீஸ் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன்.

முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு மருந்து கொடுத்தால் என்ன என்றும் ஒரு நாள் தோன்றியது. அது இன்னும் மோசம். நோயாளி மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், கொடுக்காத மருந்துக்குச் சாட்சிக் கையெழுத்தாகிவிடும். சார்ட்டைக் கட்டிலுக்கே எடுத்துப் போய், கொடுத்த கையோடு எழுதுவதுதான் சரி. ஹேண்டோவரையும் இப்போது கட்டிலருகே நின்று, சார்ட்டைத் திறந்து வைத்துத்தான் சொல்கிறேன். அடுத்தவர் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக் கேட்டால் கோபம் வருவதில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் வரை அந்தப் பெரியவர் ஒவ்வொரு ஊசிக்கும் "எழுதியாச்சாம்மா?" என்று கேட்டார். நானும் சார்ட்டைத் திருப்பிக் காட்டினேன்.