பீனிக்ஸின் பழைய வீடுகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் பீனிக்ஸ் நகருக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகிறது. "பாலைவனமும் வெயிலும் தவிர அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்கும் நண்பர்களுக்காக இந்தப் பதிவு.

நான் சொக்கிப்போனது 1950களின் வீடுகளில். ரால்ஃப் ஹேவர் என்ற கட்டடக் கலைஞர் நடுத்தரக் குடும்பங்களுக்காக வடிவமைத்தவை. மார்லன் குரோவ் என்ற குடியிருப்புப் பகுதியின் பக்கம் சாயங்காலம் நடந்தால் வரிசையாகப் பார்க்கலாம். தாழ்வான சரிவுக் கூரை, ஓரத்தில் கார் நிறுத்த ஒரு திறந்த கொட்டகை, சாய்வாக நிற்கும் தூண்கள். சுவர் முடிகிற இடத்துக்கும் கூரைக்கும் நடுவே உயரத்தில் கண்ணாடி. வெளிச்சம் வரும், தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியாது. சின்ன வீடுதான், ஆனால் எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்! இன்றைய பெரிய வீடுகளில் இந்த அக்கறையை நான் பார்க்கவில்லை.

அப்புறம் சாலையோரம். பெரிய நெடுஞ்சாலைகள் வருமுன் காரில் போகிறவர்கள் வான் பியூரன் தெரு வழியாகத்தான் ஊரைக் கடந்தார்கள். அவர்களை இழுக்க மோட்டல்கள், அதாவது சாலையோரத் தங்கும் விடுதிகள், நியான் விளக்குகளால் ஒளிரும் பலகைகளை வைத்தன. அங்கே இப்போது பெரும்பாலானவை போய்விட்டன. பக்கத்து ஊரான மேசாவில் ஸ்டார்லைட் மோட்டலின் 1960ஆம் ஆண்டுப் பலகை மட்டும் கம்பீரமாக நிற்கிறது. நீச்சலுடையில் மூன்று பெண் உருவங்கள். ஒன்றன்பின் ஒன்றாக எரியும்போது ஒரே பெண் தண்ணீரில் பாய்வதுபோல இருக்கும். 2010 புயலில் இது விழுந்து நொறுங்கியது. மக்கள் நன்கொடை திரட்டி, 2013இல் மறுபடியும் ஏற்றிவிட்டார்கள்.

இங்கே ஹேவர் வீட்டில் யாராவது குடியிருந்தால் சொல்லுங்கள். ஒருமுறை உள்ளே வந்து பார்க்க ரொம்ப ஆசை.