அறுந்த தாலிச் செயினைப் பற்றவைத்த கதை

தாலிச் செயின் அறுந்துவிட்டால் கடையில் போட்டுவிட்டுப் புதுசு எடுக்க அவசரப்படாதீர்கள், முதலில் ஒரு நல்ல பத்தரிடம் காட்டுங்கள். யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்.

என்னுடையது 3 பவுன் முறுக்குச் செயின், கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் போட்டது. மாடியில் துணி காயப்போடும்போது கழுத்தில் இருந்து சரிந்துவிட்டது, நல்லவேளையாகத் தாலியும் குண்டுகளும் சேலைக்குள்ளேயே நின்றன. "பெருகிடுச்சு, அவ்வளவுதான், பதறாத" என்று, அறுந்ததை அப்படி மங்கலமாகச் சொல்லிக்கொண்டே அத்தை மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டிவிட்டார்.

வாங்கிய கடைக்குப் போனால், "இதெல்லாம் ரிப்பேர் பண்ணினா நிக்காது மேடம், எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கங்க" என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழசுக்கு அவர்கள் கழிப்பது ஒரு பக்கம், புதுசுக்குச் செய்கூலி, சேதாரம், போதாததற்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரே ஒரு வளையம் தேய்ந்ததற்கு இவ்வளவு எதற்கு?

மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்துகளில் இன்னும் பட்டறைகள் இருக்கின்றன. அத்தைக்குப் பழக்கமான பத்தர் ஒருவரிடம் போனோம். அவர் செய்த முதல் வேலை எடை போட்டதுதான், நான் கேட்கவே இல்லை, தராசை என் பக்கம் திருப்பி வைத்து மில்லிகிராம் வரை சீட்டில் எழுதிக் கொடுத்தார். அப்புறம் லென்ஸை என்னிடம் நீட்டி, "இங்க பாருங்கம்மா" என்றார். கொக்கியோடு சேரும் கடைசி வளையம் உள்பக்கம் மட்டும் தேய்ந்து நூலாகி, அந்த இடத்தில்தான் விட்டிருந்தது. மறுமுனை வளையமும் பாதி தேய்ந்துதான் இருந்தது, அதை அன்றைக்குப் பார்க்காமல் விட்டிருந்தால் அடுத்து அதுதான் அறுந்திருக்கும். அதனால் ரிப்பேருக்குக் கொடுக்கும்போது அறுந்த இடத்தை மட்டும் காட்டாதீர்கள், இரண்டு முனையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"எதை வச்சுப் பத்த வைப்பீங்கண்ணே?" என்று கேட்டேன். தங்கத்தோடு வெள்ளி, செம்பு, துத்தநாகம் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்த பொடி (பற்றவைக்கும் உலோகத்துக்குப் பட்டறையில் சொல்லும் பெயர்), நகை உருகுவதற்கு முன்னால் அது உருகி இடுக்கில் ஓடிவிடும் என்றார். முன்னெல்லாம் இதற்குக் காட்மியம் சேர்ப்பார்கள், கேடிஎம் நகை என்று நாம் தரத்தின் பெயர் போலச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பற்றைத்தான், அதன் புகை வேலை செய்பவர்களின் நுரையீரலைக் கெடுத்துவிடும். கவரிங் நகைக்கு வைப்பது போல ஈயம் வைத்துப் பற்றவைக்க மட்டும் விட்டுவிடாதீர்கள், ஈயம் பட்ட தங்கத்தை மறுபடி நெருப்பில் காட்டினால் அந்த இடம் அரித்துக் குழி விழுந்துவிடும்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். புது வளையத்தைக் கோத்து, வெங்காரத்தை (போராக்ஸ்) குழைத்துத் தடவி, கடுகைவிடச் சின்ன பொடித் துண்டை இடுக்கியால் வைத்துச் சின்னச் சுடரை ஓரமாகக் காட்டினார். வெங்காரம் பொரிந்து அடங்கியது, அந்தத் துண்டு சட்டென்று பளபளத்து உள்ளே ஓடி மறைந்தது. கறுத்திருந்த வளையத்தை நீர்த்த அமிலத்தில் போட்டு எடுத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ் போட்டதும் நிறம் திரும்பிவிட்டது. இரண்டு முனையும் முடிந்ததும் மறுபடி எடை. புது வளையங்களால் கூடிய தங்கத்துக்கும் கூலிக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டு, தேய்ந்த வளையங்களைக் காகிதத்தில் மடித்து என்னிடமே கொடுத்தார். 916 முத்திரை இருந்த கொக்கியை மாற்றவில்லை. முழுசாகப் பாலிஷ் போடட்டுமா என்று கேட்டதற்கு அத்தை வேண்டாம் என்றார், சரியான பேச்சு, ஒவ்வொரு பாலிஷிலும் கொஞ்சம் தங்கம் போகத்தான் செய்யும்.

வளையம் ஏன் இப்படித் தேய்கிறது என்றால், வியர்வை, பவுடர், மஞ்சள், குங்குமம் எல்லாம் கண்ணிக்குள் அடைந்து, நாம் அசையும்போதெல்லாம் அரம் மாதிரி அராவுகிறது. இப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு ஊறவைத்து, குழந்தைகளின் மெத்து பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகுதான் போடுகிறேன். பற்பசை வேண்டவே வேண்டாம், கீறல் விழும். நீச்சல் குளத்துக்குப் போனால் கழற்றிவிடுங்கள், குளோரின் பற்றுப்போட்ட இடத்துக்கு ஆகாது. பீரோவில் வைக்கும்போது மற்ற நகையோடு சுருட்டி வைக்காமல், கொக்கியை மாட்டித் தனித் துணியில் வையுங்கள். சிக்கு விழாது.

உள்ளே வெற்றான ஹாலோ செயின் என்றால் இதே வேலை கஷ்டம், சுவர் மெல்லிசு என்பதால் சூட்டில் சட்டென்று குழைந்துவிடும். அதற்கு லேசர் மெஷின் வைத்திருக்கும் பட்டறையாகத் தேடிப் போங்கள்.