பிக்கப் வண்டிக்குப் பனிக்காலப் பின்பாரம்

முதல் பனி விழுவதற்கு முன்பே என் பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டியில் ஐந்து மணல் மூட்டைகளை ஏற்றிக் கட்டிவிடுவது சில ஆண்டுகளாக என் வழக்கம். மூட்டை ஒன்று ஏறத்தாழ 27 கிலோ. ஐந்தும் சேர்ந்தால் 135 கிலோ. இதைப் பார்த்து, "சும்மா போகிற வண்டிக்கு எதற்கு இந்தச் சுமை?" என்று கேட்பவர்கள் உண்டு. கையில் கிடைத்த கனமான பொருளையெல்லாம் தொட்டிக்குள் போட்டுக்கொண்டு, இனிக் கவலையில்லை என்று புறப்படுகிறவர்களும் உண்டு. என் கவலை இரண்டாமவர்களைப் பற்றியது.

பிக்கப் வண்டியில் எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்பக்கம் இருப்பதால், தொட்டி காலியாக இருக்கும்போது மொத்த எடையில் பாதிக்கும் குறைவான பங்குதான் பின்சக்கரங்களின் மேல் விழுகிறது. பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் வண்டியில், உந்தித் தள்ள வேண்டிய சக்கரங்களே பாரமில்லாமல் நிற்கின்றன. 2,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டியில் 42 சதவீதம், அதாவது 840 கிலோ, பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு நேர் மேலே 135 கிலோ ஏற்றினால் அது 975 கிலோ ஆகிறது. வண்டியின் மொத்த எடை 7 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடியிருக்க, பின்சக்கரங்கள் தரையை அழுத்தும் விசை 16 சதவீதம் கூடிவிடுகிறது. மணல் மூட்டையின் பயன் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

ஆகவே எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். முதல் ஆண்டு இது எனக்குத் தெரியவில்லை. ஏற்றி இறக்க வசதியாக இருக்கும் என்று மூட்டைகளைப் பின்கதவை ஒட்டி அடுக்கியிருந்தேன். பனி இறுகிய ஒரு வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியபோது, முன்சக்கரங்கள் திரும்பியும் வண்டி ஒரு கணம் நேராகவே வழுக்கிச் சென்றது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன், கட்டாமல் வைத்திருந்த மூட்டைகள் தொட்டியின் தரையில் சறுக்கிவந்து என் முதுகுக்குப் பின்னால் இருந்த தகட்டில் மோதின. அந்த ஓசை இன்னும் மறக்கவில்லை. மாட்டுவண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்குமே, அதே கணக்குதான் இது. இரு அச்சுகளுக்கும் இடையே 3.5 மீட்டர் இருக்கும் வண்டியில் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 135 கிலோவை வைத்தால், முன்சக்கரங்களின் மேலிருந்து ஏறத்தாழ 39 கிலோ குறைந்துபோகிறது. திருப்புவதும், பிரேக் பிடிப்பதில் பெரும்பங்கும் அந்தச் சக்கரங்களின் வேலை.

இப்போது, பின்சக்கரங்களுக்கு மேலே தொட்டிக்குள் புடைத்திருக்கும் இரு சக்கர மேடுகளுக்கும் இடையே, அச்சுக்கு நேர் மேலே, மரச்சட்டங்களால் ஒரு கட்டம் அடைத்து, அதற்குள் மூட்டைகளைக் கிடத்தி, தொட்டியின் கொக்கிகளில் பட்டை மாட்டி இறுக்கிவிடுகிறேன். கான்கிரீட் கல்லையோ இரும்புத் துண்டையோ நான் வைப்பதில்லை, ஏனென்றால் மோதல் நேர்ந்தால் அவை ஓட்டுநர் அறையை நோக்கிப் பாய்ந்துவரும். தொட்டி நிறையப் பனியையே வாரிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; புதுப்பனிக்கு எடை குறைவு, உருகி உறைந்தால் நகரும் பாறையாகிவிடும். மணலில் இன்னொரு நன்மை, சக்கரம் சுழன்றுகொண்டே நின்றுவிட்டால் ஒரு மூட்டையைப் பிரித்து டயருக்கு முன்னால் தூவலாம். ஆனால் மணல் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் ஏறிய மூட்டை உறைந்து கல்லாகிவிடும், வேண்டிய நேரத்தில் ஒரு பிடி மணல்கூட அதிலிருந்து வராது.

பாரம் ஏற்றியதால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று மட்டும் யாரும் நம்பிவிட வேண்டாம். பிடிமானம் கூடும் அளவுக்கு நிறுத்த வேண்டிய எடையும் கூடுகிறது. ஏற்றத்திலும் மூட்டைகளால் ஆவது ஓரளவுதான். உராய்வுக் கெழு, அதாவது டயர் தரையைப் பற்றும் அளவைச் சொல்லும் எண், 0.2 இருக்கும் பனியில், மேலே சொன்ன வண்டி காலியாக இருக்கும்போது தோராயமாக 8.4 சதவீதச் சரிவு (100 மீட்டருக்கு 8.4 மீட்டர் உயரும் ஏற்றம்) வரை ஏறும், மூட்டைகளோடு 9.1 சதவீதம். நல்ல குளிர்கால டயர்களால் அந்தக் கெழு 0.3 ஆக உயருமானால், மூட்டையே இல்லாமல் 12.6 சதவீதம் ஏறிவிடலாம். 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே சாதாரணக் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது, குளிர்கால ரப்பர் மென்மை இழக்காமல் இருக்கிறது. அதனால் கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நான்கு டயர்களை முதலில் வாங்குங்கள் என்றே சொல்வேன்.

ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில் ஒட்டியிருக்கும் சுமை வரம்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்களின் எடையும் அதில் சேரும். பின்பக்கம் தாழ்ந்தால் முகப்பு விளக்கின் ஒளி மேலேறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், மூட்டைகளைக் கட்டிய அன்று மாலையே ஒரு சுவரின் முன் வண்டியை நிறுத்தி விளக்குகளைச் சற்று இறக்கிவைக்கிறேன். பனிக்காலம் முடிந்து மூட்டைகளை இறக்கும் நாளில் விளக்குகளைப் பழைய உயரத்துக்குத் திருப்புகிறேன்.